குட்டிக் குரங்குகள் கருவிகளைக் கையாளக் கற்கும் விதம்

மாணவர்களே, தம்புள்ளைக் குகைக் கோயிலுக்குப் படியேறும்போது செங்குரங்குகளைக் கண்டிருப்பீர்கள். தாய் எதையாவது மென்றுகொண்டிருக்கையில் குட்டி அதன் வாயருகே மூக்கை வைத்து மணப்பதை அடுத்த முறை கவனியுங்கள். எதை உண்ணலாம் என்பதைக் குட்டி இவ்வாறும் அறிந்துகொள்கிறது. நம் வீட்டுத் தென்னையில் குரும்பை பறிக்கும் குட்டியும் பெரியவற்றைப் பார்த்தே அதைப் பழகியிருக்கும். ஆனால் செங்குரங்கு கல்லெடுத்து உடைக்கும் பழக்கத்திற்குப் பெயர்பெற்ற இனமன்று. கருவிக்கு உதாரணம் தேடி நாம் கடல் கடக்க வேண்டும்.

கருவிப் பயன்பாடு என்பது, தன் உடலின் பகுதியல்லாத ஒரு பொருளைக் கையாண்டு வேறொரு பொருளில் மாற்றத்தை ஏற்படுத்துதலாகும். இங்கேதான் பலர் தவறு விடுகின்றனர். 1953 இல் யப்பானின் கோசிமாத் தீவில் 'இமோ' என்ற இளம் பெண்குரங்கு வற்றாளைக் கிழங்கை நீரிற் கழுவி உண்ணத் தொடங்கியது. பின்னர் அதன் தாயும் விளையாட்டுத் தோழர்களும் அவ்வாறே செய்தனர். இது சமூகக் கற்றலுக்கு மிக நல்ல உதாரணம். எனினும் கருவிப் பயன்பாட்டுக்கு உதாரணம் கேட்டால் இதை எழுதாதீர்கள்.

நமக்கு அண்மையிலுள்ள உதாரணம் அந்தமான் கடலோரமாகும். அங்குள்ள நீண்டவால் குரங்குகள் கல்லால் சிப்பிகளை உடைத்து உண்பதை கார்ப்பென்டர் என்பவர் 1887 இலேயே எழுதிவைத்தார். தாய்லாந்துக் கரையில் இன்றும் இதைக் காணலாம். குட்டி முதலில் கல்லை வெறுமனே உருட்டி விளையாடும். சிப்பியில்லாத பாறையிலும் தட்டும். ஏறத்தாழ மூன்று வயதளவிலேயே கை திருந்துகிறது.

பிரேசிலின் கபுச்சின் குரங்குகளுக்கு வேலை இன்னும் கடினம். மூன்று, நான்கு கிலோ எடையுள்ள குரங்கு சுமார் ஒரு கிலோ எடையுள்ள கல்லை இரு கைகளாலும் தூக்கிப் பனையினக் கொட்டைகளை உடைக்கிறது. கொட்டையைப் பட்டடைக் கல்லின் குழியில் உருளாமல் வைக்க வேண்டும். கல்லை நேராக இறக்க வேண்டும். குட்டியோ கொட்டையைக் கையால் அறையும், கொட்டையில்லாத இடத்தில் கல்லைப் போடும். இப்படியே ஆண்டுகள் கழியும். நீங்கள் சைக்கிள் ஓடப் பழகியதை நினைத்துப் பாருங்கள். பார்த்தால் மட்டும் போதுமா?

அப்படியானால் பெரியவற்றின் பங்கு என்ன? அவை குட்டியின் கையைப் பிடித்துக் காட்டுவதில்லை. அருகில் இருக்க விடுகின்றன. சிதறிய பருப்பைப் பொறுக்க விடுகின்றன. உடைத்த இடத்தில் கல்லும் கோதும் எஞ்சுகின்றன. அவற்றைக் கொண்டே குட்டி முயன்று பார்க்கிறது. பிரேசிலின் செர்ரா டா கப்பிவாரா பூங்காவில் இவ்வாறு பயன்பட்ட சுமார் 3000 ஆண்டு பழைமையான கற்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. எத்தனை தலைமுறை!

தாய்லாந்தின் லொப்புரி நகரில் குரங்குகள் மனித மயிரினால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்கின்றன. குட்டி பார்த்திருக்கும்போது தாய் அச்செயலை நிறுத்தி நிறுத்திக் கூடுதலாகச் செய்வதாக 2009 இல் ஆய்வாளர் வெளியிட்டனர். இதனால் 'தாய் கற்பிக்கிறது' எனத் துணிந்து எழுதிவிட வேண்டாம்; 'கற்றலுக்கு உதவக்கூடும்' என்பதே பொருத்தமானது.

நீண்டவால் குரங்கு 2022 முதல் அழியும் அபாயத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. கல்லை நாடும் இயல்பு பிறப்பிலே இருக்கலாம். உடைக்கும் திறனோ கூட்டத்தினிடையே வளர்வது. கூட்டம் சிதறினால் குட்டிகள் உயிர் பிழைத்தாலும் திறன் எஞ்சாது போகலாம்.

பயிற்சி: 'குட்டிக் குரங்கு பார்த்தும் கற்கிறது, செய்தும் கற்கிறது.' இக்கூற்றை இரு உதாரணங்கள் தந்து விளக்குக.