அயல்நாட்டில் முதல் நாழிகை

கடல் கடந்து கல்வி கற்கச் செல்வோர் நம்முள்ளும் பலர் உளர். அவர்தம் பெட்டியில் உடையும் ஊறுகாயும் ஒழுங்காக அடுக்கப்பெறுகின்றன. ஆயின், விமானத்தினின்று இறங்கிய முதல் நாழிகையில் கைபேசியில் டேட்டா கிடைக்குமா என எண்ணிப் பார்ப்பார் சிலரே. தங்குமிடத்தின் முகவரியும், வழிகாட்டும் படமும், அன்னைக்கு அனுப்பும் செய்தியும் அதனையே சார்ந்து நிற்றலின், இப்பொருளை ஈண்டுச் சிறிது ஆராய்வாம். ஜெர்மனி செல்லும் மாணவரை எடுத்துக்காட்டாகக் கொள்வாம்.

டேட்டா பெறும் வழிகள் மூன்று. முதலாவது ரோமிங். நம் சிம் அட்டையினுள் ஓர் எண் பொதிந்துள்ளது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பன. இந்தியாவுக்கு 404, 405 என்பனவும், ஜெர்மனிக்கு 262 என்பதும் வழங்குகின்றன. கைபேசி அவ்வெண்ணைக் காட்டியதும், ஜெர்மானிய நிறுவனம் நம் நாட்டு நிறுவனத்தை வினாவி, இசைவு பெற்ற பின்னரே இடந்தருகின்றது. இரு நிறுவனங்களின் பணியும் இதில் அடங்குதலின் செலவு மிகும். தக்க திட்டத்தை முன்னரே வாங்காது டேட்டாவைத் திறத்தல் பெருங் கட்டணத்துக்கு இடமாகும்.

இரண்டாவது அந்நாட்டுச் சிம். நெடுநாள் தங்குவார்க்கு இதுவே சிக்கனமானது. ஆயின், 2017 ஜூலை முதல் ஜெர்மனியில் முன்கட்டணச் சிம் வாங்குவோர் பாஸ்போர்ட் முதலிய சான்று காட்டி, தம்மை இன்னாரென உறுதிப்படுத்திய பின்னரே அது செயற்படும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 முதல் தன் நாடுகளுக்கிடையே ரோமிங் மிகைக் கட்டணத்தை நீக்கியதால், அச்சிம் பிரான்ஸிலும் ஓர் அளவு வரை உள்ளூர்க் கட்டணத்திலேயே உதவும். ஸ்விட்சர்லாந்தும் பிரிட்டனும் அவ்விதியுள் அடங்கா.

மூன்றாவது இ-சிம். தனி அட்டை இன்றி, கைபேசியினுள்ளே பதிந்த சில்லில் இணையத்தின் வழியே இறக்கிக்கொள்வது இது. இணையம் பெறுதற்கே இணையம் வேண்டியிருத்தலின், வீட்டிலிருக்கும்போதே இறக்கி வைத்தல் நலம். கைபேசி அதனை ஏற்குமா என்பதையும் முன்னரே அறிதல் வேண்டும். பயணிகளுக்கான இ-சிம்களுட் பல டேட்டா மட்டுமே தருவன. தொலைபேசி எண் தாரா.

எம் விடுதியினின்று ஜெர்மனி சென்ற அண்ணன் ஒருவர், செலவுக்கு அஞ்சி இந்தியச் சிம்மை வீட்டிலேயே வைத்துச் சென்றார். விமான நிலைய வைஃபையில் இ-சிம் வாங்க முயன்றபோது, வங்கி கேட்ட ஓடிபி அவர் கைக்கு எட்டவில்லை. ‘வந்து சேர்ந்தேன்’ என்று மட்டும் அன்னைக்கு எழுதிவிட்டு இரயிலேறினார். வழியில் மாற வேண்டிய இரயில் தவறிற்று. நள்ளிரவில் ஒரு சிறு நிலையத்தில் அவர் தனித்து நின்றார். அன்னையோ விடியுமளவும் உறங்கவில்லை. முன்பின் அறியாத ஒருவர் தம் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து உதவிய பின்னரே செய்தி வீடு சேர்ந்தது.

ஆதலின், பயணத்துக்கு முன்னரே இ-சிம்மோ ரோமிங் திட்டமோ ஒன்றை ஆயத்தம் செய்க. இந்தியச் சிம்மைக் கழற்றற்க; குறுஞ்செய்தி பெறுமாறு அதன் ரோமிங்கைச் செயற்படுத்தி, டேட்டாவை மட்டும் அடைத்து வைக்க. ஊர் சேர்ந்து இளைப்பாறிய பின் உள்ளூர்ச் சிம்மை வாங்கலாம். இவையனைத்தும் தவறினும் உதவுமாறு, தங்குமிடத்தின் முகவரியை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துச் செல்க. வழி நோக்கி வீட்டிற் காத்திருப்பாரை எண்ணி, புறப்படுவோர் இதனை உளங்கொள்வாராக.