குறிஞ்சியின் புல்வெளியும் நம் குடிநீரும்

முன்னுரை

தொண்டை மண்டலத்து ஊர்ப்பெயர்களுள் ‘தாங்கல்’ என முடிவன பல. வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் ஆகியன அவற்றுட் சில. தாங்கல் என்பது நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரி. நீரின் பெயரால் அமைந்த ஊரில் வாழும் நாம், நம் குடத்தில் விழும் நீர் எங்கே பிறக்கிறது என எண்ணிப் பார்ப்பது அரிது. 2004 ஆம் ஆண்டு முதல் வீராணம் ஏரியின் நீர் குழாய்வழி நம் அண்டையிலுள்ள போரூருக்கு வருகிறது. வீராணத்திற்கு நீர் தருவது கொள்ளிடத்துக் கீழணை. கொள்ளிடமோ காவிரியின் கிளை. அக்காவிரியோடு கலக்கும் பவானியும், பவானியோடு கலக்கும் மோயாறும் நீலகிரி மலைநீரைச் சுமந்து வருவன. எனவே நீலகிரியின் புல்லைப் பற்றிய செய்தி நமக்கும் உரிய செய்தியே.

சோலையும் புல்வெளியும்

நீலகிரியின் உச்சிப் பகுதி இருவகை நிலத்தால் ஆயது. பள்ளங்களில் அடர்ந்த சோலை. மேடுகளில் பரந்த புல்வெளி. இவ்விரண்டிற்கும் இடையே சதுப்பு நிலங்களும் உள. மழைநீரை இவை வாங்கி வைத்துச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றன. பைக்காரா ஆறு முக்குருத்திப் பகுதியில் தோன்றி, கீழிறங்கி மோயாறு எனப் பெயர் பெறுகிறது.

மரத்தை வெட்டியதால் புல்வெளி தோன்றிற்று என்று கருதுவோர் உண்டு. அது பொருந்தாது. சதுப்பு மண்ணை ஆய்ந்தோர், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்குப் புல் இருந்ததைக் கண்டுள்ளனர். குளிர்கால உறைபனி சோலை மரக்கன்றுகளைத் திறந்த வெளியில் கருக்கிவிடுவதும் புல் நிலைத்ததற்கு ஒரு காரணம் என்பர். வரையாடு மேய்வதும், பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூப்பதும் இத்தகைய புல்வெளிகளிலேயே.

தீயும் மேய்ச்சலும்

தோடர்கள் தம் எருமைகளுக்கு இளம்புல் கிடைக்கும் பொருட்டு முற்றிய புல்லுக்குத் தீயிடும் வழக்கம் உடையவராய் இருந்தனர். கடல் கடந்த ஸ்காட்லாந்து நாட்டு மேட்டு நிலங்களிலும் இதனை ஒத்த வழக்கம் உண்டு. அங்கே ஹெதர் என்னும் புதர்ச்செடியைப் பகுதி பகுதியாக எரித்து, ஆடுகளுக்கும் கிரௌஸ் என்னும் பறவைக்கும் இளந்தளிர் கிடைக்கச் செய்வர். அவ்வாறு எரிப்போர் உரிமம் பெறவேண்டும் என்பதற்கு 2024 இல் அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. திறந்த மேட்டு நிலத்தைப் பேணுவதற்கும் ஒரு முறைமை வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

வந்தேறிய செடிகள்

கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819 இல் நீலகிரி ஏறிய பின்னர் ஐரோப்பியர் குடியேற்றம் பெருகிற்று. அவர்கள் புல்வெளியைப் பயனற்ற தரிசு எனக் கருதினர். ஆஸ்திரேலியாவின் சீகை மரமும் கற்பூர மரமும் நடப்பட்டன. பிரிட்டனின் மேட்டு நிலங்களில் மஞ்சள் பூப்பூக்கும் ஸ்காட்ச் புரூம், முள் நிறைந்த கோர்ஸ் ஆகிய செடிகளும் இங்கு வந்தன. தம் நாட்டில் அவை இயற்கையான செடிகள். இங்கோ புல்லை அழிக்கும் பகைவர். நிலத்திற்கு உரிய கருப்பொருளைத் தொல்காப்பியர் வரையறுத்துக் கூறியதன் நுட்பம் ஈண்டு விளங்கும்.

கிளென்மார்கன் பகுதியில் நடந்த ஆய்வில், புல்வெளியில் கற்பூர மரம் நட்ட நீர்ப்பிடிப்பில், முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்னும் கருத்து சிலப்பதிகாரத்தில் உண்டு. நாம் காண்பதோ பசுமையாகத் தோன்றும் பாலை.

நமக்குள்ள பங்கு

இக்குறையை அயலார் மீது மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது. விடுதலைக்குப் பின்னரும் சீகை நடப்பட்டது. அதன் பட்டை தோல் பதனிடப் பயன்படும். முன்பு நம் தோல் கிடங்குகளில் ஆவாரம்பட்டையே வழங்கிற்று. பின்னர்ச் சீகைப்பட்டை அவ்விடத்தைப் பிடித்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் நம் சமுதாயத்தார் பலருக்கு வாழ்வும், அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்வியும் தந்தது அத்தொழில். அதனைப் பழித்தல் நம் நோக்கமன்று. உண்ட சோற்றின் வரலாற்றை அறிந்திருத்தல் கடன் என்பதே நம் கருத்து.

முடிவுரை

முக்குருத்தி 1990 இல் தேசியப் பூங்கா ஆயிற்று. அயற்செடிகளை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2022 இல் வகுத்தது. எனினும் பணி எளிதன்று. வெட்டிய சீகை மீண்டும் தளிர்க்கும், அதன் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கும், தீப்பட்டால் முளைக்கும். ஆதலின் முன்பு புல்லைக் காத்த தீயே இன்று அயற்செடிக்குத் துணையாகிவிடும். வெட்டிய பின்னும் ஆண்டுதோறும் கன்றுகளைப் பிடுங்கி, நாட்டுப் புல்லை நட்டு வளர்த்தலே வழி. விறகுக்குச் சீகையை நம்பும் மலைவாழ் ஏழைகளுக்கு மாற்றும் வேண்டும்.

மாணவர்களே! மரம் நடுதல் நன்றே. ஆயின் எந்நிலத்தில் எதனை நடுவது என்று வினவிய பின்னரே நடுக. குறிஞ்சித் திணையைத் தேர்வுக்காக மட்டும் படித்தல் போதாது. அத்திணை நலம் பெற்றால்தான் தாங்கலில் வாழும் நம் குடமும் நிறையும்.