பழைய வீட்டுக்கு ஏ.சி. ஒத்துவராதா?

கேள்வி: எங்களுடையது 1956இல் மாமனாரின் தந்தை கட்டிய மெட்ராஸ் ஒட்டு வீடு. 78 வயதாகும் மாமனாரின் அறையில், 2010இல் வாங்கிய ஒன்றரை டன் ஏ.சி. ஓடுகிறது. இரவு பத்து மணி வரை அறை குளிர்வதே இல்லை. பிளக் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. “கேஸ் குறைந்துவிட்டது, வருஷா வருஷம் நிரப்ப வேண்டும். இந்த முறை புது ரக கேஸ் போட்டுத் தருகிறேன்” என்கிறார் மெக்கானிக். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் ஏ.சி. தீப்பிடித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. பழைய வீட்டில் ஏ.சி. வைத்ததே தவறா?

– ம.வி., கும்பகோணம்

பதில்: அம்மா, வைத்ததில் தவறில்லை. ஒழுங்கான வயரிங் இருந்தால், எழுபது வருட வீட்டிலும் ஏ.சி. பயமில்லாமல் ஓடும். ஆனால் பிளக் சூடாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது உண்மையான எச்சரிக்கை. அதைச் சரிசெய்யும்வரை அந்த ஏ.சி.யைப் போடாதீர்கள். அதுவரை மாமனாரை வீட்டிலேயே காற்றோட்டமான வேறு அறையில் படுக்கவையுங்கள்.

உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிளக் ஏன் சூடாகிறது? பழைய ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது ஏறக்குறைய 8 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில். 1950களில் இழுத்த வயர்கள் நாலு விளக்குக்கும் ஒரு மின்விசிறிக்கும் ஆனவை. மரச்சட்டத்தின் மேல் ஓடும் அந்த வயர்களின் ரப்பர் உறை இத்தனை ஆண்டுகளில் காய்ந்து நொறுங்கியிருக்கும். பிளக் பின்னுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே பிடிப்பு தளர்ந்தாலும் அந்த இடம் கொதிக்கும். வீடுகளில் ஏ.சி.யால் வரும் தீ பல நேரங்களில் இப்படித் தளர்ந்த இணைப்பிலோ மெல்லிய வயரிலோதான் பிறக்கிறது.

செய்ய வேண்டியது: உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயின் போர்டிலிருந்து ஏ.சி.க்கு மட்டும் தனியாக 4 சதுர மி.மீ. செம்பு வயர் இழுக்கச் சொல்லுங்கள். அந்த லைனுக்குத் தனி எம்.சி.பி. (மிகை மின்சாரம் ஓடினால் தானே விழும் சுவிட்ச்) வேண்டும். பீங்கான் பியூஸ் கட்டைகள் இன்னும் இருந்தால் மாற்றிவிடுங்கள். வீடு முழுவதற்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) போடுங்கள். எர்த் குழி பழையதென்றால் அதன் எதிர்ப்பை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். குளியலறையில் கீசர் இருந்தால் அதற்கும் தனி லைன் வேண்டும். 2 கிலோவாட் கீசர் உங்கள் ஏ.சி.யைவிடச் சற்று அதிகமாகவே, 9 ஆம்பியர் வரை இழுக்கிறது.

கேஸ் வருஷா வருஷம் தீருமா? தீராது. ஏ.சி.க்குள் கேஸ் (குளிரூட்டி வாயு) மூடிய குழாய்களில் சுற்றி வருகிறது, எரிந்து செலவாவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்புவது வீண் செலவு. சில சமயம் கேஸே குறைந்திருக்காது. பில்டரிலும் காயிலிலும் தூசி அடைத்தாலும் குளிர்ச்சி குறையும், காயிலில் பனிக்கட்டி படியும். ஏ.சி. ஓடும் நாட்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். தண்ணீர் வெளியேறும் குழாயையும் பாருங்கள்; அது அடைத்துச் சுவரில் கசிந்தால் சுண்ணாம்புப் பூச்சு ஊறி உதிரும்.

2010இல் வாங்கிய ஏ.சி. பெரும்பாலும் ஆர்-22 வகைதான். வெளிப்பெட்டியில் ஒட்டியுள்ள தகட்டில் எழுதியிருக்கும், பாருங்கள். ஆர்-22 கேஸ் ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி உலகம் முழுவதும் படிப்படியாகக் கைவிடப்படுகிறது. அதற்குப் பதிலாக அந்த இயந்திரத்தில் புது ரக கேஸ் நிரப்ப ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். ஆர்-32 ஆர்-22ஐவிட மிக அதிக அழுத்தத்தில் இயங்குவது, ஓரளவு தீப்பற்றக்கூடியது. ஆர்-290 எளிதில் தீப்பற்றும் புரொப்பேன். அவற்றுக்கென்றே வடிவமைத்த இயந்திரங்களில் அவை பாதுகாப்பாக ஓடும். உங்களுடையது அவற்றைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். கசிவைச் சோதிக்கக் குழாயில் நைட்ரஜன்தான் ஏற்ற வேண்டும். யாராவது ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கம்ப்ரசர் எண்ணெயோடு ஆக்ஸிஜன் சேர்ந்தால் வெடிக்கும்.

பத்து மணி வரை அறை ஏன் குளிர்வதில்லை? இதற்கு முக்கியக் காரணம் கூரை. மெட்ராஸ் ஒட்டு என்பது தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்த கனமான தளம். பகல் முழுவதும் வெயிலைக் குடித்து, அடுப்பை அணைத்த பிறகும் சுடும் தோசைக்கல்லைப் போல, இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. மின்விசிறி அதைக் கீழே தள்ளுகிறது. உங்கள் ஏ.சி. முன்னிரவு முழுவதும் கூரையோடு போராடுகிறது.

வெயில் ஏறுமுன் மாசி மாதத்திலேயே மாடியைக் கழுவி, விரிசல்களைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்து, வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்டோ அடியுங்கள். சிமெண்ட் பூசாதீர்கள். சிமெண்டும் சுண்ணாம்பும் ஒரே மாதிரி விரிந்து சுருங்குவதில்லை. விரிசல் விழும், ஈரம் உள்ளே சிக்கும், தேக்குக் கட்டை உளுத்துப்போகும். அழகுக்காகப் பொய்க்கூரை போடுவதாக இருந்தால் முதலில் கட்டைகளில் கரையான் இருக்கிறதா என்று தச்சரை வைத்துப் பாருங்கள். மூடிய பிறகு தெரியாது.

மாலையில் வெளிக்காற்று குளிர்ந்ததும் சன்னல்களையும் மேலே உள்ள வென்டிலேட்டர்களையும் அரை மணி நேரம் திறந்துவையுங்கள். பிறகு மூடிவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள். வென்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டாம். திறந்து மூடும் கண்ணாடி போதும். வெப்பநிலையை 26இல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு.

எதை முதலில் செய்வது? இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் வயரிங், அடுத்து கூரை, கடைசியில்தான் புது ஏ.சி. வயர் பாதுகாப்பாக இல்லாத வீட்டில் எந்த இயந்திரமும் ஆபத்துதான். கூரைச் சூடு குறைந்த பிறகு, அறை சிறியதென்றால் ஒரு டன்னே போதுமாகிவிடலாம். முன்பே வாங்கினால் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கிவிடுவீர்கள். வாங்கும்போது அதிக நட்சத்திரக் குறியீடுள்ள இன்வெர்ட்டர் வகையைப் பாருங்கள். வெளிப்பெட்டியைப் பழைய கைப்பிடிச் சுவரிலோ சன்ஷேடிலோ மாட்டவிடாமல் தரையில் மேடை கட்டி வையுங்கள். குழாய்க்கு ஓட்டை போடும்போது மர உத்திரத்தைத் தொடக் கூடாது.

நாளைக் காலை எலக்ட்ரீஷியனை அழையுங்கள். புது லைன் போட்டதும் ஏ.சி.யை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் கவலையில்லை. அப்போதும் சுட்டால் அவரைத் திரும்ப அழைத்து இணைப்புகளை இறுக்கச் சொல்லுங்கள். அதுவரை மாமனார் மற்ற அறையிலேயே படுக்கட்டும்.