கண்டு எழுதுதல்

ஆண்டுதோறும் ஜூன் 5-ஆம் தேதி உலகச் சுற்றுச்சூழல் தினம் கொண்டாடப்படுகிறது. அதையொட்டி நாடெங்கும் பள்ளி, கல்லூரிகளில் கட்டுரை, கவிதை, சிறுகதைப் போட்டிகள் நடைபெறுகின்றன. நடுவராக அமர்ந்து அவற்றைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். எழுதியவர் ராஞ்சியில் வசித்தாலும் மைசூரில் வசித்தாலும், துருவக்கரடி பனிப்பாறைமீது நின்று அழுகிறது. பூமித்தாய் காய்ச்சலில் படுத்திருக்கிறாள். கடைசி வரியில் மரம் நடுமாறு ஓர் அறைகூவல். எழுத்துப் பிழை இல்லை. கருத்துப் பிழையும் பெரிதாக இல்லை. ஆயினும் எழுதிய மாணவனை அந்தத் தாளில் எங்கும் காண முடிவதில்லை.

குறை மாணவனுடையது மட்டுமன்று. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைக் கல்வி நிலையங்களில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று கூறியது. நல்ல முடிவுதான். பாடநூல்கள் வந்தன, அவற்றோடு பெரிய சொற்களும் வந்தன. எதிர்காலத் தலைமுறையின் தேவைகளுக்கு ஊறு நேராமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்வதே நீடித்த வளர்ச்சி என்று 1987-இல் வெளியான புருண்ட்லாண்ட் குழுவின் அறிக்கை வரையறுத்தது. 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றது. இவையெல்லாம் பலர் பல ஆண்டுகள் ஆராய்ந்து கண்ட முடிவுகள். மாணவனுக்கோ அவை தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகின்றன. ஆராயாமலே முடிவு கைக்கு வந்துவிட்டால் அதைப் பிரதி எடுப்பதைத் தவிர அவன் வேறென்ன செய்வான்?

நம் நாட்டு அளவை நூல்கள் அறிவு பிறக்கும் வழிகளுள் முதன்மையானவையாகக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றைக் கூறுகின்றன. பூமியிலுள்ள நீரில் ஏறத்தாழ 97.5 விழுக்காடு உப்புநீர் என்பது மாணவனுக்கு உரை. பிறர் சொல்லித்தான் அதை அவன் அறிய முடியும். பள்ளியின் குழாய் ஒழுகுவது காட்சி. அதன் கீழ் ஒரு குவளையை வைத்து, பத்து நிமிடத்தில் 200 மில்லி லிட்டர் சேர்வதை அளந்து, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 29 லிட்டர் வீணாகிறது என்று கணக்கிடுவது கருதல். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். எனவே 500 சதுர மீட்டர் பரப்புள்ள மொட்டைமாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் விழுகிறது. அந்த நீர் எங்கே போயிற்று என்று மழையில் நனைந்தபடி பார்த்துவந்த சிறுமியின் கட்டுரையில் பூமித்தாய்க்கு வேலை இருக்காது.

இங்கே நடைநயத்தைவிடப் பெரியது ஒன்று பாதிக்கப்படுகிறது. உணராத துயரத்தை எழுதி, அதற்குப் பரிசும் பெறும் பிள்ளை, உள்ளத்திற்கும் சொல்லுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கலாம் என்று பழகிக்கொள்கிறது. பரிசளிப்பவர்களே அதைப் பழக்கிவிடுகிறார்கள். மறுபுறம், எழுதியதை அப்படியே நம்பிவிடும் மென்மையான பிள்ளைகளும் உண்டு. உலகம் அழியப் போகிறது என்ற அச்சம் மட்டுமே அவர்களிடம் மிஞ்சுகிறது.

1992-இல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த புவி உச்சி மாநாட்டில் கனடா நாட்டுச் சிறுமி செவர்ன் கல்லிஸ்-சுசுகி பேசினாள். அப்போது அவளுக்கு வயது 12. அவளும் தோழிகளும் தாங்களே நிதி திரட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தந்தையுடன் வான்கூவரில் மீன் பிடிக்கச் சென்றபோது மீன்களில் புற்றுநோய் கண்டதையும், பிரேசிலில் தெருவோரக் குழந்தைகளைச் சந்தித்ததையும் அவள் கூறினாள். அந்த மீன்களும் குழந்தைகளும் அவள் கண்ணால் கண்டவை. ஓசோன் படலத்தைப் பற்றியும் பேசினாள். ஆனால் கேட்டவர்களின் மனத்தில் தைத்தது அதுவன்று.

கதைக்கு வேறோர் ஒழுக்கம் தேவை. சாந்திநிகேதனில் மரம் நடுவிழா 1928-இல் தொடங்கியது. அந்த ஆண்டில் ரவீந்திரநாத் தாகூர் ‘பலாய்’ என்ற சிறுகதையை எழுதினார். பலாய் தாயற்ற சிறுவன். சித்தப்பாவும் சித்தியும் வளர்க்கிறார்கள். புல்லைப் பிடுங்கினாலும் அவனுக்கு வலிக்கும். தோட்டத்து நடைபாதையின் நடுவே ஓர் இலவ மரக்கன்று முளைக்கிறது. வெட்ட வேண்டும் என்கிறார் சித்தப்பா. அவன் சித்தியிடம் கெஞ்சி அதைக் காப்பாற்றுகிறான். பின்னர் தந்தை அவனைச் சிம்லாவுக்கு அழைத்துச் செல்கிறார். ஒருநாள் அந்த மரத்தின் புகைப்படம் வேண்டும் என்று கடிதம் எழுதுகிறான். மரம் அதற்குள் வெட்டப்பட்டுவிட்டது. சித்தி இரண்டு நாள் உணவு கொள்ளவில்லை.

மாணவர்களின் கதைகளில் மரம் வெட்டுபவன் பெரும்பாலும் கோடரி ஏந்திய அரக்கன். அல்லது பேராசை பிடித்த ஆலை முதலாளி. இந்தக் கதையில் வெட்டியவர் அன்பான சித்தப்பா. கதையைச் சொல்பவரும் அவரே. அவருக்குத் தோட்டம் ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மரங்களை வெட்டாதீர் என்று தாகூர் எங்கும் உபதேசிக்கவில்லை.

ஆசிரியர்கள் அடுத்த போட்டிக்கு மூன்று வாரம் முன்னதாகவே தலைப்பை அறிவிக்கலாம். தெருக்கோடிக் குட்டை, வகுப்பறைக் குப்பைக்கூடை, மதிய உணவில் மீந்த சோறு என ஏதேனும் ஒன்றை ஒவ்வொரு மாணவனும் தேர்ந்துகொண்டு, நாள்தோறும் பார்த்ததை நான்கு வரி குறித்துவரட்டும். தேதியும் அளவும் அதில் இருக்க வேண்டும். அதன்பின் பாடநூலைத் திறந்தால், அங்குள்ள பெரிய எண்கள் வேறுவிதமாகத் தெரியும். கதை எழுத விரும்புபவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை போதும்: கதையில் கேடு செய்பவர் அவர்கள் நேசிக்கும் ஒருவராக இருக்க வேண்டும், அவர் பக்கத்து நியாயமும் கதையில் இடம்பெற வேண்டும்.