ஆட்டம் ஓயும் முன்பே கடைக்குள் போனவர்

ஜூனியர் பிரிட்ஜ்மேனைக் கூடைப்பந்து ரசிகர்களிலேயே பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் என்பிஏ போட்டிகளில் 1975 முதல் 1987 வரை ஆடியவர். பெரும்பாலும் மில்வாக்கி பக்ஸ் அணியில், பெஞ்சிலிருந்து எழுந்து வரும் ஆறாவது ஆளாக. ஒரு சீசனுக்கு அவர் வாங்கிய அதிகபட்சச் சம்பளமே சுமார் 3.5 லட்சம் டாலர்தான். 2025 மார்ச்சில் அவர் காலமானபோது ஃபோர்ப்ஸ் கணக்குப்படி அவருடைய சொத்து 100 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

அந்தச் சொத்து வந்தது உணவகத் தொழிலிலிருந்து. அதில் அவர் பணம் போடுவதோடு நிற்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, போட்டி இல்லாத மாதங்களில் வெண்டிஸ் பர்கர் கடைக்குப் போய் வேலை பழகினார். என்னைப் பொறுத்தவரை மொத்தக் கதையும் இங்கேதான் இருக்கிறது. வெண்டிஸ் போன்ற பிராண்டின் பெயரில் உரிமம் பெற்று நடத்தும் ஃபிரான்சைஸ் கடையில், விற்பனையில் ஒரு பங்கு ராயல்டியாகப் பிராண்டுக்குப் போய்விடும். மிச்சத்தில்தான் இறைச்சி, வாடகை, சம்பளம் எல்லாம். கூடுதலாகச் சுட்டுவிட்டு விற்காமல் கொட்டும் இறைச்சி, மதிய நெரிசலில் ஓர் ஆள் குறைந்ததால் காரிலிருந்தபடியே வாங்கும் வரிசையில் காத்திருந்து திரும்பிப் போகும் வாடிக்கையாளர்... லாபம் ஒழுகுவது இப்படித்தான். இது ஆடிட்டர் தரும் அறிக்கையில் தெரியாது. அடுப்புப் பக்கம் நின்றால் தெரியும்.

ஓய்வுக்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட வெண்டிஸ் கடைகள், கூடவே சில்லிஸ் உணவகங்கள். 2016-இல் பெரும்பாலானவற்றை விற்றுவிட்டு, கோகோ-கோலாவைப் பாட்டிலில் அடைத்து விநியோகிக்கும் தொழிலுக்கு மாறினார். 2024-இல் தான் ஆடிய அதே பக்ஸ் அணியில் 10 சதவீதப் பங்கை வாங்கினார்.

தொழில் தெரியாமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதை இன்னொரு என்பிஏ வீரரான மேஜிக் ஜான்சனே பலமுறை சொல்லியிருக்கிறார். 1979-இல் காலணி நிறுவனமான நைக்கி, தன்னோடு ஒப்பந்தம் போட்டால் அவருக்குப் பங்குகள் தருவதாகச் சொன்னது. பங்கு என்றால் என்னவென்றே தெரியாததால், ரொக்கம் கொடுத்த இன்னொரு காலணி நிறுவனமான கான்வர்ஸ் பக்கம் போனார். பின்னாளில் திரையரங்கு, ஸ்டார்பக்ஸ் கூட்டு, டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி என்று வளர்ந்தார். ஆனாலும் அந்த நைக்கி பங்குகள் போனவை போனவையே.

மாதச் சம்பளக்காரர்களுக்கும் ஆஃப் சீசன் உண்டு, சனி ஞாயிறு என்ற பெயரில். பக்கத் தொழிலாக ஏதோ ஒன்று மனதில் இருக்கிறதா? முன்பணம் கொடுக்கும் முன், அதே தொழில் நடக்கும் ஒரு கடையில் நான்கு சனிக்கிழமை வேலை கேட்டு நில்லுங்கள். சம்பளம் தராவிட்டாலும் பரவாயில்லை. கல்லாவில் விழுவதை முதலாளி எண்ணிக்கொள்வார். நீங்கள் குப்பைக்கூடையில் விழுவதை எண்ணுங்கள்.