இதயச் செயலிழப்பும் இரவு உறக்கமும்

இதயச் செயலிழப்பு உடையோர் பலர் மருத்துவரிடம் உறக்க மாத்திரை கேட்பதுண்டு. கேட்பது இயல்பே. ஆனால் மாத்திரைக்கு முன்னர் அறிய வேண்டியது, உறக்கம் எந்நேரத்தில், எதனால் கலைகிறது என்பதாகும்.

பகலில் கால்களில் தேங்கிய நீர், படுத்தவுடன் இரத்தத்தில் கலந்து மார்பை நோக்கித் திரும்புகிறது. தளர்ந்த இதயம் அதனை முழுமையாக வெளியேற்ற இயலாதபோது நுரையீரலில் நீர் கோக்கிறது. உறங்கிய ஓரிரு மணி நேரத்தில் மூச்சுத் திணறி எழுந்து சன்னலைத் தேடுவது இதனாலேயே. ஆகவே வீட்டார் தலையணைகளை எண்ணி வருதல் நலம். சென்ற வாரம் ஒன்றுடன் உறங்கியவர் இவ்வாரம் மூன்று கேட்பாராயின், உடலில் நீர் கூடியிருக்கலாம். மூன்று நாள்களுக்குள் எடை இரண்டு கிலோ ஏறினாலும் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். உட்கார்ந்த பின்னும் திணறல் தணியாவிடில் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

சிலருக்கு உறக்கத்தில் மூச்சு மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, சில நொடிகள் நின்று மீண்டும் தொடங்கும். 19-ஆம் நூற்றாண்டில் டப்ளின் நகர மருத்துவர்கள் செய்ன், ஸ்டோக்ஸ் இருவரும் விவரித்த மூச்சு இது. நோயாளர் இதனை அறியார். அருகில் படுத்திருப்பவரே காண்பார். லவ்டேல் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றழுத்தம் குறைவாதலின், மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. இம்மூச்சுத் தடுமாற்றம் மிகக்கூடும். சமவெளியிலிருந்து பெற்றோரை மலைக்கு அழைத்து வருவோர் முன்னதாக மருத்துவரைக் கலந்து கொள்ளுங்கள்.

நீர் பிரியும் மாத்திரையை மாலையில் விழுங்கினால் இரவில் பலமுறை எழ நேரும். உறைபனிக் காலத்தில் கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால், அதுவே வழுக்கி விழக் காரணமாகும். காலையில் உட்கொள்ளலாமா என மருத்துவரைக் கேளுங்கள். தாமாக நிறுத்த வேண்டா. மாலைத் தேநீரையும் குறைத்தல் நன்று, தேயிலை நாட்டில் இதைச் சொல்வது சற்றுக் கடினமெனினும்.

குளிருக்கு அஞ்சி மூடிய அறைக்குள் கரியடுப்பு வைத்துறங்குவது, நலமுற்றோர்க்கும் உயிராபத்து.

கண் மூடினால் மீண்டும் எழுவோமா என்னும் அச்சத்தாலும் சிலர் விழித்திருப்பர், கேட்டாலன்றிச் சொல்லார். வீட்டார் கேளுங்கள். மருத்துவரிடமும் கூறுங்கள், அதற்கும் மருத்துவம் உண்டு. உறக்க மாத்திரைகளுள் சில மூச்சை மந்தமாக்கும் என்பதால், கடையில் தாமே வாங்கி உண்ணுதல் கூடாது.