யாளியும் லிவியாதானும்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே கிடக்கும் நிலம் வானம் பார்த்த கரிசற்காடு. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தால் கண்மாய்கள் நிறையும். பெய்யாவிடின் அவ்வாண்டு முழுதும் வெடித்த தரையே காட்சி. குண்டாறு என்பது பெரும்பாலும் மணலால் ஆகிய ஆறேயாம். யானை உலவும் மலையும், முதலை கிடக்கும் மடுவும், திமிங்கிலம் திரியும் கடலும் இந்நிலத்தார்க்கு அயலானவை. எனினும், இவை யாவற்றினும் பெரியனவாய், எவரும் உயிரோடு கண்டிராதனவாயுள்ள இரு விலங்குகளின் பெயர்கள் இவ்வூர்களில் வழங்கி வருகின்றன. ஒன்று கோயிற்றூணில் நிற்கும் யாளி. மற்றொன்று வேதாகமம் வாசிப்பார் வாயில் வரும் லிவியாதான். இவ்விரு சொற்களின் பிறப்பையும் பொருளையும் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியவர் என் பாட்டியார். பாட்டனார் இறந்த ஆண்டில் அவர் யோபுவின் புத்தகத்தையன்றி வேறொன்றையும் கேட்க விரும்பினாரல்லர். கண்ணொளி குறைந்தமையால் மாலைதோறும் நானே வாசிப்பேன். அனைத்தையும் இழந்து நியாயம் கேட்ட யோபுவுக்குக் கடவுள் புயலிலிருந்து மறுமொழி கூறும் இடத்தில், லிவியாதானைத் தூண்டிலிட்டுப் பிடிக்க உன்னால் ஆகுமோ என்னும் வினா வருகிறது. லிவியாதான் யாது என்று பாட்டியார் கேட்டார். முதலை என்றேன். முந்திய ஆண்டில்தான் அவர் சபையாரோடு மாமல்லபுரம் சென்று, வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் கண்டு வந்திருந்தார். "குழிக்குள்ள வெயில் காஞ்சுக்கிட்டுக் கிடந்துச்சே, அதா ஐயா? அதைத்தான் மனுசன் பிடிச்சுச் சுவர் கட்டி வச்சிருக்கானே! அதைக் காட்டியா ஆண்டவர் யோபு வாயை அடைச்சார்?" என்றார். எனக்கு விடை தோன்றவில்லை.

முதற்கண் நம் மொழிச் சொல்லை நோக்குவோம். இது யாளி எனவும் ஆளி எனவும் இரு வடிவில் வழங்கும். யகரமெய் ஆகாரத்தோடு கூடியன்றி மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. அவ்வாறு முதலாகிய சொற்கள் பலவும் பிற்காலத்தில் யகரத்தை இழந்தன. யானை ஆனையாயிற்று, யாறு ஆறாயிற்று, யாடு, யாமை, யாண்டு என்பனவும் அவ்வாறே ஆடு, ஆமை, ஆண்டு என நின்றன. யாளி ஆளியானதும் இவ்வரிசையிற் சேர்ந்ததே எனல் பொருந்தும். ஆள் என்னும் வினையடியாகப் பிறந்து, காட்டை ஆள்வது என்னும் பொருளில் ஆளி எனப்பட்டது என என் வகுப்புத் தோழர் சிலர் உரைப்பர். கேட்க இனிதாகவே உள்ளது. ஆயினும் ஆள் என்னும் வினை யாள் என யகரம் பெற்று யாண்டும் வந்திலது. யாளி என்னும் வடிவோ சங்க நூலிலேயே உளது. ஆகலின் அவ்வினிமையை விட்டுவிட வேண்டியதே.

வடமொழியில் வியாளம் என்றொரு சொல் உண்டு. கொடிய விலங்கு, பாம்பு என்பன அதன் பொருள். சிற்ப நூல்கள் கோயில்களில் அமையும் இவ்வுருவத்தை அப்பெயராற் சுட்டும். இதிலிருந்தே யாளி வந்தது என்பாரும் உளர். ஒலியும் பொருளும் நெருங்கி நிற்றலால் அக்கொள்கையை எளிதில் தள்ளலாகாது. ஆனால் ஒரு தடை உளது. வடசொல்லின் முதலில் நிற்கும் வகர யகரக் கூட்டெழுத்தைத் தமிழ் வியா என விரித்தே கொள்ளும். வியாபாரம், வியாசர், வியாதி என்பன காண்க. பாலி மொழியிலோ இதே சொல் யகரத்தை விட்டு வகரத்தைக் காத்து வாளம் என்னும் வடிவில் நிற்கின்றது. தமிழ் வழியிலாயினும் பாலி வழியிலாயினும் வகரம் நிலைக்க வேண்டும். யாளியில் அது முற்றும் இல்லை. இக்காரணத்தால் யாளி தமிழ்ச் சொல்லாய்ப் பிறந்து, சிற்பியர் கையில் வியாளத்தோடு ஒன்றாய்க் கலந்தது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

இனி, பொருள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் கரும்பாலையின் பேரோசையைக் கூற வருகிறார். மூங்கில் வளர்ந்த மலைச்சாரலில் யாளி பாய்ந்து தாக்க, யானைக் கூட்டம் கலங்கிக் கதறிய ஓசையை அதற்கு உவமையாக்குகிறார். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார், கரிகாலன் இளமையிலேயே வெண்ணிப் போரில் இருபெரு வேந்தரை வென்றதற்கு, தாய்ப்பால் மறவாத ஆளிக்குட்டி தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றதை உவமை கூறுகிறார். அகநானூற்றுச் செய்யுள் ஒன்றில் இவ்விலங்கு வேழத்தின் வெண்கோட்டைப் பறித்து அதன் குருத்தை உண்கிறது. இம்மூன்றிடத்தும் அணங்கு என்னும் சொல் இதனோடு ஒட்டி வருவது கருதத் தக்கது. அணங்காவது தீண்டினாரை வருத்தும் அச்சம் தரும் ஆற்றல். புலிக்கும் கரடிக்கும் உள்ள வெறும் வலிமை அன்று. கபிலரும் குறிஞ்சிப்பாட்டில் இரவு வழியின் இடர்களை எண்ணுங்கால் புலியையும் கரடியையும் கூறி, ஆளியை அவற்றின் வேறாகவே வைத்தார்.

இச்செய்யுட்களில் ஆளிக்குத் துதிக்கை கூறப்படவில்லை. முகம் எத்தகையது என்பதும் இல்லை. அது செய்யும் செயலே அதன் வடிவம். உருவம் கொடுத்தவர் சிற்பியர். சிங்கமுகமும், யானையின் துதிக்கையும் கோடும் உடைய விலங்கென்று சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கூறும் யாளி, தூணிற் கண்ட யாளியேயாம். மதுரைப் புதுமண்டபத்திலும் மீனாட்சியம்மை கோயிலிலும் பின்னங்கால் ஊன்றி எழுந்து நிற்கும் யாளிகளைக் காணாத மதுரை மாணவர் இரார். சில கோயில்களில் அதன் வாய்க்குள் கல்லுருண்டை ஒன்று உருளும். கைவிட்டு உருட்டலாம், வெளியே எடுத்தல் இயலாது. இதில் ஒரு வியப்பு உண்டு. பழம்பாடலில் யானையின் கோட்டைப் பறித்து உண்ட விலங்கு, சிற்பத்தில் அக்கோட்டையும் துதிக்கையையும் தன் முகத்திலேயே அணிந்து நிற்கின்றது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் பல்லவர் காலத்துக் குடைவரை ஒன்று உளது. அதன் வாயிலைச் சூழ வரிசையாக யாளித் தலைகள் செதுக்கப்பட்டுள்ளன. ஆனால் அதற்கு வழங்கும் பெயரோ புலிக்குகை! அறியாத விலங்கை அறிந்த விலங்காக்கிக் கொள்ளும் இவ்வியல்பு மனிதர்க்குப் பொதுவானது போலும். சபையாரோடு சென்றபோது அதனைக் கண்ட பாட்டியார், வழிகாட்டியவரிடம் இது புலியன்று, எங்களூர்க் கோயில் தூணில் நிற்கும் யாளி என்று அங்கேயே திருத்தினாராம். அவ்விடத்தில் அவர் செய்தது எதுவோ, அதையேதான் பின்னர் என்னிடத்தும் செய்தார். யாளியைப் புலியாக்கினார் குகைக்குப் பெயரிட்டோர். லிவியாதானை முதலையாக்கினேன் நான்.

எனினும் அப்பிழை என் ஒருவனுடையதன்று. 1663-இல் சாமுவேல் போஷார் என்னும் பிரெஞ்சு அறிஞர் வேதாகம விலங்குகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். லிவியாதானை முதலையென்றும் பிகெமோத்தை நீர்யானையென்றும் அவர் கூறியதைப் பின்வந்தோர் பலரும் ஏற்றனர். பவர் ஐயர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்ததும், நம் சபைகளில் இன்றும் வாசிக்கப்படுவதுமாகிய மொழிபெயர்ப்பில், யோபு, ஏசாயா, 104-ஆம் சங்கீதம் ஆகிய இடங்களில் லிவியாதான் என்னும் எபிரெயச் சொல்லே நிற்க, 74-ஆம் சங்கீதத்தில் மட்டும் முதலைகள் என வந்துள்ளது. எபிரெய மூலத்தில் அங்கே லிவியாதான் ஒருமை, தலைகளோ பன்மை. ஒரே விலங்குக்குப் பல தலைகள் என்பதே கருத்து. முதலை என்று பெயர்த்த மாத்திரத்தில் அத்தலைகளுக்கு உடல்கள் வேண்டியதாயின, முதலை முதலைகளாயிற்று.

பல தலை விலங்கு யாது என்பதற்கு விடை சிரியா நாட்டுக் கடற்கரை மண்ணுக்குள் இருந்தது. 1928-இல் உழவர் ஒருவர் கலப்பையில் பண்டைக் கல்லறை ஒன்று தட்டுப்பட, மறு ஆண்டில் அருகிலிருந்த ராஸ் சம்ரா மேட்டை அகழ்ந்தனர். உகாரித்து என்னும் பழநகர் வெளிப்பட்டது. அங்குக் கிடைத்த களிமண் ஏடுகள் கி.மு. 1200-க்கு முற்பட்டவை. அவற்றுள் பாகால் தேவன் ஏழு தலையுடைய கடற்பாம்பு ஒன்றைக் கொன்ற கதை உளது. அதன் பெயர் ல், த், ன் என்னும் மெய்களால் எழுதப்பட்டுள்ளது. அறிஞர் லோத்தான் என்பர். அது நம் லிவியாதானின் முன்னோர் வடிவமே. ஏசாயா 27-ஆம் அதிகாரத்தில் லிவியாதானுக்கு வரும் இரண்டு அடைமொழிகளும் அவ்வேட்டில் அப்படியே காணப்படுகின்றன. எபிரெயத்தில் இச்சொல்லுக்கு வேர், முறுக்குதல், வளைத்துச் சுற்றுதல் என்னும் பொருளது. நீதிமொழிகளின் முதலதிகாரத்தில் தலைக்கு அணியும் மாலையைக் குறிக்கும் சொல்லும் இவ்வேரிற் பிறந்ததே. ஆகவே லிவியாதான் என்பதன் நேர்ப்பொருள் சுருண்டு வளைவது. (பிகெமோத் என்பதோ விலங்கு என்னும் சொல்லின் பன்மை; ஒன்றையே அதன் பெருமை நோக்கிப் பன்மையாற் கூறினர், நாம் ஒருவரை அவர் என்பதுபோல.)

பிற்காலத்தார் இச்சொல்லை எங்கெங்கோ கொண்டு சென்றனர். 1651-இல் தாமஸ் ஹாப்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் அரசின் பேராற்றலைப் பற்றிய தம் நூலுக்கு இதனையே பெயராக இட்டார். இன்றைய எபிரெயர் வழக்கில் இது திமிங்கிலத்தைக் குறிக்கும். திமிங்கிலம் என்பதும் எளிய சொல்லன்று. திமி என்னும் பெருமீனையே விழுங்குவது என்பது அதன் பொருள்.

இனித் திருச்சுழியின் பெயரையும் ஈண்டு நினைவு கூர்தல் தகும். பிரளய வெள்ளம் உலகை மூட வந்தபோது, சிவபெருமான் சூலத்தால் நிலத்தைக் குத்தித் துளையிட, வெள்ளம் அதனுட் சுழித்து இறங்கியது. அதனால் ஊர் சுழியல் எனப்பட்டது என்பது தலபுராணச் செய்தி. சுந்தரர் பாடிய தலம் இது. குடிநீர்க்குக் குடத்தோடு காத்திருக்கும் ஊர், ஊழிவெள்ளத்தின் சுழியைத் தன் பெயரிற் கொண்டுள்ளது. இதற்கும் எபிரெயர் கதைக்கும் உறவு காட்ட நான் வந்தேனல்லேன். சுருண்டு எழும் நீரைக் கண்டு அஞ்சிய மாந்தர் அதற்கு ஒரு பெயர் வைத்தனர், இங்கும் அங்கும், என்பதே நான் கூறத் துணிவது.

இவற்றையெல்லாம் விடுமுறையில் பாட்டியாரிடம் எடுத்துரைத்தேன். உகாரித்துக் கதையில் பாகாலும் பாம்பும் எதிரெதிர் நின்று போர் செய்தனர். 104-ஆம் சங்கீதத்திலோ லிவியாதான் கடலில் விளையாடும்படி கடவுள் படைத்த உயிராய் வருகின்றது என்றேன். அதுவே அவருக்கு வேண்டியதாயிருந்தது. "அப்ப அது யாரு கைக்கும் அடங்காதது, அவருக்கு மட்டும் விளையாட்டு" என்றார். சிறிது நேரம் பேசாதிருந்து, யோபுவின் நாற்பத்தோராம் அதிகாரத்தை மீண்டும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். அந்த வேத புத்தகம் பாட்டனாருடையது. 74-ஆம் சங்கீதத்தில் முதலைகள் என்பதை அடித்துவிட்டு மேலே எழுதட்டுமா என்று கேட்டேன். அச்சடித்ததை அடிக்கலாகாது, ஓரத்தில் பென்சிலால் எழுது என்றார். லிவியாதான் என எழுதி, அதன் கீழ், ஒருமை, தலைகள் பல, என்றும் குறித்து வைத்தேன்.